புலமைப்பரிசில் தேடித் தருபவருக்குப் பணம் கொடுக்கலாமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த கையோடு, பிள்ளையை மேலே படிக்க வைக்க ஆசைப்படும் தாய்மாரைத் தேடிச் சிலர் வரத் தொடங்கிவிடுவார்கள். "மகாபொல எடுத்துத் தருகிறோம்", "வெளிநாட்டுப் புலமைப்பரிசில் நிச்சயம்", "வட்டியில்லாக் கடனுக்கு நாங்களே எல்லாம் செய்து தருகிறோம்" என்று துண்டுப்பிரசுரம் வரும். கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வீட்டுக்கே ஒருவர் வந்து உட்காருவார். முன்பணம் கேட்பார். மீதியைக் காசு கிடைத்த பிறகு தரலாம் என்பார்.

கிண்ணியாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல உள்ளன. யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமற்போனவர்கள், 2004 டிசெம்பர் 26 கடல்கோளில் வீடு வாசலோடு ஆவணங்களையும் பறிகொடுத்தவர்கள், 2006 இல் மூதூர்ப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இப்படிப்பட்ட ஒரு தாயிடம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபா என்பது சும்மா வருவதல்ல. காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைத்துத்தான் அது வர வேண்டும். ஆகவே பணம் கொடுத்துப் புலமைப்பரிசில் தேடுவதால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வியை ஆறுதலாக இருந்து யோசிப்பது அவசியம்.

எங்கள் பதில் இதுதான். கைவேலைக்குக் கூலி கொடுக்கலாம். வாக்குறுதிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேடுவதற்கு என்ன இருக்கிறது?

நமது நாட்டில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளை பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் கட்டத் தேவையில்லை. சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், பிரயாணம் ஆகியவைதான் தாயின் தலையில் விழும் செலவுகள். அந்தச் செலவுக்குக் கைகொடுக்கும் உதவிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே பகிரங்கமாக அறிவிக்கப்படுபவை.

முதலாவது மகாபொல. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்த காலத்தில் உருவான நிதியம் இதை வழங்குகிறது. திறமை அடிப்படையில் ஒரு பகுதியினரும், குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் சேர்த்துப் பார்த்து இன்னொரு பகுதியினரும் தெரிவாகிறார்கள். மகாபொல கிடைக்காதவர்களில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் 'பர்சரி' எனப்படும் அரச உதவிப்பணம் உண்டு. மகாபொலவின் மாதாந்தத் தொகையை 5,000 ரூபாவில் இருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரியை 4,000 ரூபாவில் இருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்துவதாக 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

பாடசாலை மட்டத்திலும் உதவி உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொகையை 750 ரூபாவில் இருந்து 1,500 ரூபாவாக உயர்த்துவதாக அதே வரவு செலவுத் திட்டம் கூறியது. ஜனாதிபதி நிதியமும் அண்மைய ஆண்டுகளில் உயர்தரம் படிக்கும் வறிய மாணவருக்குக் கல்வி வலயம் வாரியாகப் புலமைப்பரிசில் வழங்கியிருக்கிறது. கிண்ணியா தனியான ஒரு கல்வி வலயம் என்பதால் இது நமது பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி. இவற்றைப் பற்றி அதிபரிடம் கேட்டாலே போதும்.

இனி ஊருக்குள் பாருங்கள். பள்ளிவாயல்களின் ஸக்காத் குழுக்களும், கோயில், தேவாலயம் சார்ந்த அமைப்புகளும், பழைய மாணவர் சங்கங்களும் படிக்கும் பிள்ளைக்கு உதவுவது நாம் அறிந்ததே. இவற்றுக்கும் நடுவில் ஆள் தேவையில்லை. ஸக்காத் பெறுவதற்கு ஒரு ஏழைத் தாய் யாருக்கும் கொமிசன் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தரகர் எதை மாற்ற முடியும்?

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இஸட் புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. இந்தச் சலுகைக்கெனத் தனியாக ஒரு விண்ணப்பமும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே கணக்கிட்டுக் கொடுக்கிறது. "திருகோணமலைக் கோட்டாவில் போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் காசு கேட்டால், உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே உரித்தான ஒன்றை உங்களுக்கே விற்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மகாபொலவும் பர்சரியும் அப்படித்தான். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிறகே அவற்றுக்கான விண்ணப்பம் கோரப்படும். தெரிவாவதற்கு முன்பே "மகாபொல ரெடி" என்று சொல்பவர் பொய் சொல்கிறார். தெரிவான பின்னரும் பெறுபேறு, குடும்ப வருமானம், படிக்கும் சகோதரர் எண்ணிக்கை என்பவைதான் பார்க்கப்படும். இவற்றில் ஒன்றையும் தரகர் மாற்ற முடியாது.

அப்படியானால் "அவர் மூலம்தான் என் மகளுக்குக் கிடைத்தது" என்று சிலர் சொல்கிறார்களே? இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஐம்பது பேரிடம் பணம் வாங்கினால், அந்த ஐம்பது பேரில் தகுதியுள்ள சிலருக்கு எப்படியும் கிடைக்கத்தான் செய்யும். தரகர் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கிடைத்தவர் அவருக்கு நன்றி சொல்வார், அக்கம்பக்கத்திலும் சொல்லுவார். கிடைக்காதவர் தன் தலைவிதியை நொந்துகொண்டு வெட்கத்தில் வாய் மூடியிருப்பார். இப்படியே அடுத்த வருடம் நூறு பேர் வருவார்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். மகாபொலவுக்கென்று ஒருவர் 15,000 ரூபா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7,500 ரூபா வீதம் கிடைத்தால், முதல் இரண்டு மாதக் காசு முழுவதும் அவர் பைக்குப் போகிறது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதிகம் தேவைப்படும் முதல் இரண்டு மாதங்கள் அவை.

கூலி வேறு, கொமிசன் வேறு

இப்படிச் சொல்வதால் எந்த உதவிக்கும் காசு கொடுக்கவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டியிருக்கும். வீட்டில் கணினி இருக்காது. நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சாப்பாடு. சிலருக்கு எழுத்து வாசிப்பே சிரமம். தரகரை நாடிப் போவது அறியாமையால் மட்டுமல்ல. ஓடித்திரிய ஆளில்லாத தனிமையாலும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் தாய்மாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கொமியூனிகேசன் கடையில் இணையத்தில் விண்ணப்பம் போட, தட்டச்சுச் செய்ய, போட்டோ கொப்பி எடுக்கக் கொடுக்கும் சில நூறு ரூபா நியாயமான கூலி. வெளிநாட்டு விண்ணப்பத்துக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பதும் அப்படித்தான். வேலை கண்ணுக்குத் தெரிகிறது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி ஒன்றுதான். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கலாம்.

கொமிசன் அப்படியல்ல. "கிடைக்கும்" என்ற நம்பிக்கையையே அவர் விற்கிறார். அந்த நம்பிக்கை அவர் கையில் இல்லாத பொருள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

கடனைப் புலமைப்பரிசில் என்று சொன்னால்?

அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்காக 2017 இல் அரசாங்கம் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க, தொடக்கத்தில் 800,000 ரூபா வரை பாடநெறிக் கட்டணமாக வழங்கப்பட்டது. வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. வட்டிக்கு அஞ்சும் நமது குடும்பங்களுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் இது கடன். படிப்பு முடிந்து சலுகைக் காலமும் கழிந்த பின்னர் முதலைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். பிணையாளர் கையொப்பம் வேண்டும். பிள்ளை படிப்பை இடையில் விட்டாலும் கடன் நிற்கும். நிறுவனங்களுக்காக மாணவர் பிடித்துக் கொடுப்போர் சிலர், இதை "அரசாங்கப் புலமைப்பரிசில்" என்று சொல்லிக் கையொப்பம் வாங்குவதுண்டு. "இது திருப்பிக் கட்டும் காசா, கட்டாத காசா?" என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தனியார் நிறுவனம் வழங்கும் பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ்தான் உள்நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்குப் பட்டம் வழங்கும் அந்தஸ்து அளிக்கப்படுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம். விசாரிப்பதற்கு முன் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்று வந்தால்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். உண்மையான வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, அங்கத்துவம் இல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவருக்காக 1983 முதல் நடத்திவரும் திட்டத்தில் இலங்கையும் அடங்கும். துருக்கி அரசும் உலக மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் பட்டப்படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலையும், முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலையும் இன மத பேதமின்றி இலங்கை மாணவருக்கு வழங்கிவந்துள்ளது. உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சும் பல நாடுகளின் புலமைப்பரிசில்களைப் பத்திரிகையிலும் தனது இணையத்தளத்திலும் அறிவிக்கிறது. இவற்றுக்கு மாணவர் தானே நேராக விண்ணப்பிக்கலாம்.

போலிகளை அடையாளம் காண்பது கடினமல்ல. பரீட்சைப் பெறுபேற்றைக்கூடப் பார்க்காமல் "தெரிவாகிவிட்டீர்கள்" என்பார்கள். இன்றைக்கே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்வார்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். "படித்துக்கொண்டே உழைக்கலாம்" என்பதைத்தான் அதிகம் பேசுவார்கள், படிப்பைப் பற்றிக் கேட்டால் மழுப்புவார்கள். பெண் பிள்ளையை இப்படி அனுப்பினால் போகுமிடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். காசு போனால் உழைக்கலாம். பிள்ளை ஆபத்தில் மாட்டினால் என்ன செய்வது?

இது நமது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவிலும் புலமைப்பரிசில் தேடித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் நிறுவனங்கள் பெருகியதால், அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996 இல் அவற்றுக்கு எதிராகத் தனியான நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் அங்கே இதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பத்தின் பெயரிலேயே 'இலவசம்' என்ற சொல் இருக்கிறது. அப்படியிருந்தும் அதை நிரப்பிக் கொடுக்கக் காசு வாங்குவோர் அங்கே உண்டு. படித்தவர், வசதியுள்ளவர் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நாம் ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இனி ஏமாறாமல் இருந்தால் போதும்.

உண்மையான தடை ஆவணம்தான்

தகுதியிருந்தும் நமது பிள்ளைகள் உதவியை இழப்பதற்குப் பெரிய காரணம், ஆவணம் நேரத்துக்குக் கைக்கு வராததுதான். தரகருக்குக் கொடுக்க நினைத்த பணத்தையும் நேரத்தையும் இதற்குச் செலவழித்தால் பலன் நிச்சயம்.

பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே ஒரு கோவை தயார் செய்து வையுங்கள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, தாய் தகப்பனின் விவாகப் பதிவு, தகப்பன் இறந்திருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரம், படிக்கும் மற்றப் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்கள், பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை அதில் இருக்கட்டும். பெயர் எழுத்துக்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

கணவன் காணாமற்போன குடும்பங்களுக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. மரணப் பத்திரம் எடுக்க மனம் வராது. எடுக்காவிட்டால் கணவனின் வருமானம் எங்கே என்று படிவம் கேட்கும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன்படி, இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே, அவர் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் குடும்பம் பெறலாம். அதை வைத்துப் பிள்ளைகளுக்கும் சொத்துக்கும் உரிய அலுவல்களைப் பார்க்க முடியும். இந்தச் சான்றிதழை எடுப்பதால் கணவனைத் தேடும் உரிமை இல்லாமற் போகாது. இது பற்றிச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம், வசதியற்றவர்கள் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம்.

வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவது வழக்கம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைத்துப் போட்டால் நிச்சயம் கிடைக்கும் என்று தரகர் சொல்வார். கையொப்பம் இடுவது நீங்கள். பொய் என்று தெரியவந்தால் உதவி நிறுத்தப்படும், வாங்கிய காசும் திருப்பிக் கேட்கப்படும். அப்போது அவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

முன்பெல்லாம் ஒரு அலுவலுக்குத் திருகோணமலைக்குப் போவதென்றால் துறையில் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பிரதேச செயலகம் ஊரிலேயே இருக்கிறது. அரச சேவைகள் பற்றி எந்தத் தொலைபேசியில் இருந்தும் 1919 என்ற அரசாங்கத் தகவல் மையத்தை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த உதவியை வழங்குவது யார்? அவர்களிடம் நான் நேரே கேட்கலாமா?
2. இது புலமைப்பரிசிலா, கடனா?
3. நீங்கள் செய்யும் வேலை என்ன? அதற்குக் கூலி எவ்வளவு?
4. கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவீர்களா?
5. உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்துடன் பற்றுச்சீட்டுத் தருவீர்களா?

நேர்மையானவர் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் வாசலைக் காட்டிவிடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் வங்கி அட்டை, இரகசிய இலக்கம், தொலைபேசிக்கு வரும் குறியீட்டு இலக்கம், மூல ஆவணங்கள், நிரப்பாத படிவத்தில் கையொப்பம் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா?

மறைக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, வந்த செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பொலிசில் முறையிடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். பிள்ளையின் விண்ணப்பம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று உரிய அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். போடவே இல்லை என்றால், முடிவுத் திகதிக்கு முன் நீங்களே போட்டுவிடலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்பதற்கும் வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

சகோதரிகளே, ஓடித்திரிய ஆளில்லாத தனிமையே தரகருக்கு முதல் என்று மேலே கண்டோம். அதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. மாதர் சங்கக் கூட்டத்தில் உயர்தரப் பிள்ளைகளுள்ள தாய்மாரின் பெயர்களை எழுதுங்கள். ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் இருவரை விடுமுறையில் ஒரு நாள் அழையுங்கள். மகாபொலப் படிவத்தைத் தாங்களே நிரப்பியவர்கள் அவர்கள். ஒரு பாயை விரித்து, ஒரு தேநீர் கொடுத்து, எல்லாருடைய கோவையையும் அவர்களிடம் காட்டுங்கள். எவரிடம் எந்தப் பத்திரம் குறைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பிரதேச செயலகத்துக்குத் தனியே போகப் பயப்படும் தாயோடு இன்னொரு தாய் கூடப் போகட்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும், அடகுக் கடைக்குப் போகவும் தேவையில்லை.